ஆட்காட்டி வாய் திறந்த கதை

பறவையும் மாடும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், நகரத்தை ஒட்டிய ஒரு சதுப்பு ஏரியில் ஆட்காட்டிக் குருவி இருந்தது. அப்போது அதைப்போல அமைதியான பறவை கிடையாது. அது கூடு கட்டாது. வெறும் தரையில், கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் கல் நிறம்தான். ஆள் வந்தால் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் பிழைக்கும் என்று நம்பியது.

ஒருநாள் மாசிலாமணி என்ற வண்டிக்காரர், இடித்த வீட்டின் கல்லையும் செங்கல்லையும் கரையில் கொட்டிவிட்டுப் போனார். மற்ற பறவைகள் பதறின. ஆட்காட்டிக்கு மட்டும் சந்தோஷம்.

"இவ்வளவு கல்லா! இனிமே யாராலும் கண்டுபிடிக்கவே முடியாது" என்று அந்தக் குவியலின் ஓரத்திலேயே நான்கு முட்டை இட்டது.

"அக்கா, உனக்குப் புத்தி இருக்கா? கொட்டினவன் மறுபடி வரமாட்டானா?" என்றது தாழைக்கோழி.

"நீ கத்திக் கத்தியே காட்டிக்கொடுத்துடுவே. சும்மா இரு."

முட்டைக்குள் குஞ்சுகள் கொத்தத் தொடங்கிய அன்று வண்டி திரும்பி வந்தது. சக்கரச் சத்தம் நெருங்க நெருங்க ஆட்காட்டி முட்டைகளோடு இன்னும் ஒட்டிப் படுத்தது. கத்தலாமா? கத்தினால் இடம் தெரிந்துவிடுமே. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம்... மாசிலாமணி வண்டியைப் பின்பக்கமாகச் சாய்த்தார்.

கடைசி நொடியில் அது பறந்தது. மூன்று முட்டைகள் கல்லுக்கு அடியில் போய்விட்டன. ஒன்று மட்டும் உருண்டு தள்ளிக் கிடந்தது. அப்போதுதான் ஆட்காட்டி முதல்முறையாகக் கத்தியது.

வண்டிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, ஏம்மா! எனக்கும் வீட்டில கைக்குழந்தை இருக்கு. ஒரு குரல் கொடுத்திருந்தா அந்தப் பக்கம் கொட்டியிருப்பேனே!"

"அந்தப் பக்கமும் ஏரிதானேய்யா!"

அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "வீடு கட்ட இடம் வேணுமாம். பின்னாலயும் வண்டிங்க வருது" என்று மட்டும் முனகினார்.

ஆட்காட்டி அந்த வண்டிகளுக்கு நேராகப் பறந்து, தொண்டை கிழியக் கத்தியது. முன்னால் வந்த மாடு மிரண்டு நின்றுவிட்டது. அது நகராமல் நின்ற நேரத்தில் மிச்சமிருந்த முட்டை பொரிந்தது. குஞ்சு ஈரம் காய்வதற்குள் எழுந்து நாணலுக்குள் ஓடி ஒளிந்தது.

அன்றிலிருந்துதான் ஆட்காட்டி வாயை மூடுவதே இல்லை. ஆள் வந்தாலும் கத்துகிறது, நாய் வந்தாலும் கத்துகிறது, ஒன்றுமே வராத இருட்டிலும் கத்துகிறது. ஏரியை மூடிக் கட்டிய வீடுகளில் அந்தக் குரல் கேட்டதும், தாய்மார்கள் திடுக்கிட்டு எழுந்து பக்கத்தில் தூங்கும் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.