அப்பா போட்ட மனு

பிரம்மநாயகம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மடத்துக்கு வருகிறவர். பதினோரு வருஷமாகப் பந்தியில் சாம்பார் வாளி அவர் கையில்தான். வயது ஐம்பத்திரண்டு. மடத்துச் சாமிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் சாமி நின்றுகொண்டிருந்தால் இவர் உட்கார மாட்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமையே வந்துவிட்டார். கையில் ஒரு காக்கி உறை. கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸும், கூடவே அவருடைய அப்பா ஆவுடையப்பன் கொடுத்த மனுவின் நகலும் அதில் இருந்தன. மூத்த குடிமக்கள் சட்டப்படி விசாரணை. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு இருவரும் நேரில் வர வேண்டும்.

சாமி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவர் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

அப்பா மனு போட்டதுகூடப் பிரம்மநாயகத்துக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்றுதான் ஆறவில்லை. பஜாரில் இவர் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையைத் தாண்டி நடந்து, பஸ் ஸ்டாண்டு கடையில் போய் அப்பா நகல் எடுத்திருக்கிறார். பார்த்தவன் சிரிக்க மாட்டானா என்று குறைபட்டுக்கொண்டார்.

"உம்ம கடைக்கே வந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பீரோ?" என்றார் சாமி.

 பிரம்மநாயகம் வந்த காரியத்துக்கு வந்தார். சாமி ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். இந்த ஆளைப் பதினோரு வருஷமாகத் தெரியும், நல்லவர் என்று இரண்டே வரி. மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்பா வீட்டை இவர் பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் கிடையாது. அது இல்லாமல் பத்திரத்தை ரத்து செய்வது லேசில்லை என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"ஏன் கிடையாது?"

"பத்திரம் எழுதினவரு எழுதத்தான் செஞ்சாரு, சாமி. அப்பாதான் எடுக்கச் சொல்லிட்டாரு. பெத்த பிள்ளைகிட்ட நிபந்தனையா, படிக்கிறவன் அவனப் பத்தி என்ன நெனப்பான்னு ரிஜிஸ்தர் ஆபீஸ்லயே சத்தம் போட்டாரு."

சாமி கீரைத் தட்டை நகர்த்திவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மனுவை வாங்கினார்.

மூன்று வேளையும் சாப்பாடு வருகிறது, அதில் குறையொன்றுமில்லை என்றுதான் ஆவுடையப்பன் ஆரம்பித்திருந்தார். அவரைப் பின்பக்க அறைக்கு மாற்றி மூன்று வருஷமாகிறது. அந்த அறையின் விளக்குக்கும் ஃபேனுக்கும் சுவிட்ச் முன்வீட்டு அடுக்களையில் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு அணைத்துவிடுகிறார்கள். கக்கூஸ் சாவி மருமகளிடம். பார்க்க வருகிற பழைய மில் கூட்டாளிகளை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இந்த மூன்றையும் சரிசெய்து தர உத்தரவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டையே திருப்பித் தரச் சொல்ல வேண்டும். கீழே கையெழுத்து, நடுங்கி நடுங்கி.

"எல்லாம் நெசந்தானா?"

"நெசந்தான். ஆனா வேணும்னு செய்யல. கரண்டு பில் ஏறுதுன்னு என் வீட்டுக்காரி அணைப்பா. அவரு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்போம்லா."

சாமி மனுவைத் திருப்பிக் கொடுத்தார். கடிதம் எழுதித் தருகிறேன், அதுவரை சாமான் அறையில் உட்கார்ந்து மனுவை இன்னொரு தடவை நிதானமாகப் படியும் என்றார்.

சாமான் அறைக்குத் தகரக் கூரை. சித்திரை வெயில் அதன்மேல் நின்று எரிந்தது. அந்த அறைக்கு சுவிட்ச் வெளியே நடையில். சாமியே ஃபேனைப் போட்டுவிட்டுப் போனார்.

முதல் பக்கம் முடிவதற்குள் ஃபேன் நின்றது. கரண்டு போய்விட்டது என்று நினைத்தார் பிரம்மநாயகம். காதைக் கொடுத்துக் கேட்டால், கூடத்து ஃபேன் ஓடுகிற சத்தம் வருகிறது. யாரோ தெரியாமல் அணைத்திருப்பார்கள். கூப்பிட வாயெடுத்தார். சாமி பூஜையில் இருந்தால்? காற்றுக்கூட இல்லாமல் இருக்க முடியவில்லையா என்று நினைத்துவிட்டால்? எழுந்து வெளியே போகலாம். உட்காரும் என்றல்லவா சொன்னார்.

அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தே இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியது. வேர்வை சொட்டி, அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தாள் ஊறியது. அதைத் துண்டால் ஒற்றி எடுத்தார்.

சாமி வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"ஏன் வேய் கூப்பிடல?"

"எப்படிச் சாமி கூப்பிட?"

"நாந்தான் அணைச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டிருப்பேன்."

 சாமி கடிதத்தை நீட்டினார். அதில் மூன்று வரி இருந்தது. பிரம்மநாயகத்தைப் பதினோரு வருஷமாகத் தெரியும். நல்லவர். அவருடைய அப்பா மனுவில் கேட்டிருப்பதைக் கொடுக்கும்படி உத்தரவு போட வேண்டுகிறேன்.

பிரம்மநாயகம் இரண்டு தடவை படித்தார்.  இன்றைக்கே எலெக்ட்ரீசியனைக் கூட்டிப்போய் சுவிட்சை அப்பாவின் அறைக்கே மாற்றிவிடுவதாகச் சொன்னார். சாவியை அவர் கையில் கொடுத்துவிடுவார். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும். அப்பாவிடம் சாமி ஒரு வார்த்தை பேசி மனுவை வாபஸ் வாங்கச் செய்தால் போதும். வீட்டுக்குள் உத்தரவு எதற்கு?

"முதல்ல சுவிட்சை மாத்தும். செவ்வாக்கிழமை போயி உத்தரவையும் வாங்கும்."

"சட்டத்த வச்சு அன்பை வாங்க முடியுமா, சாமி?"

"அன்பு வேணும்னு மனுவுல எங்க இருக்கு? காட்டும்."

பிரம்மநாயகம் இரண்டு பக்கத்தையும் புரட்டினார். மடித்து உறைக்குள் வைத்தார்.

"நாந்தான் மனசு மாறிட்டேனே, சாமி. பெறகும் எதுக்கு உத்தரவு?"

"மாறினது நல்லதுதான். திரும்பவும் மாறுத நாள் ஒண்ணு வரும்லா. அன்னைக்கும் அவரு அந்த வீட்லதான இருக்கணும்."