ரொட்னிக்குத் தெரிந்த இரண்டு சொற்கள்

கீரிமலைக் கடலோரத்தில் ஒரு சிறிய ஆச்சிரமம். அங்கிருந்த சுவாமிக்கு முப்பத்தெட்டு வயது. தீட்சை கேட்டு வந்த நிமலேந்திரனுக்கு ஐம்பத்தைந்து. குருவைவிடச் சீடனுக்குத்தான் நரை அதிகம்.

நிமலேந்திரன் லேசுப்பட்ட ஆளில்லை. சின்ன வயதில் பெற்றோரோடு மெல்பனுக்குப் போய், ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணிக்கே மட்டை பிடித்தவர். பெயர் வாய்க்குள் நுழையாததால் அந்த ஊர்ச் சனம் அவரை 'நிம்மோ' ஆக்கிவிட்டது. அவர் கவர் டிரைவ் அடித்தால் எதிரணிக்காரனே கைதட்டுவான். அப்பேர்ப்பட்டவர் இப்போது ஒரு மந்திரத்துக்காக வெறுந்தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் உயிர் போக வலித்தது.

"மந்திரம் என்னத்துக்கு?" என்றார் சுவாமி.

"நித்திரை வருகுதில்லை, சுவாமி. போன மாதம் என்ர கூட்டாளி ரொட்னியின்ர செத்தவீட்டுக்குப் போனனான். அதுக்குப் பிறகு கண்ணை மூட ஏலாமல் கிடக்கு."

"ஏன், என்ன நடந்தது?"

நிமலேந்திரன் சொன்னார். இருவரும் மாநில அணியில் பல வருடம் சேர்ந்து ஆடியவர்கள். எதிரணிக்கு விளங்கக் கூடாதென்று ரொட்னிக்கு இரண்டு தமிழ்ச் சொற்களைப் பழக்கியிருந்தார். ஓட வேண்டுமென்றால் 'வா'. வேண்டாமென்றால் 'நில்'. ரொட்னியின் முதல் டெஸ்டில்தான் வினை வந்தது. நிம்மோ பந்தைத் தட்டிவிட்டுக் கத்தினார். ரொட்னி பாதித் தூரம் ஓடி வந்துவிட்டான். நிம்மோ நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ரொட்னி ரன் அவுட். நிம்மோ அந்த ஆட்டத்தில் இரட்டைச் சதம்.

"ஏன் அப்பிடி நடந்தது எண்டு பேப்பர்காரர் கேட்டவை. வர வேண்டாம் எண்டுதான் சொன்னனான், அவனுக்குக் காது கேக்கேல்லைப் போல எண்டு பகிடியாச் சொல்லிப்போட்டன். அதோட 'செவிட்டு ரொட்னி' எண்டே அவனுக்குப் பேராப் போச்சு. மைதானத்தில சனம் காதில கையை வைச்சு நக்கலடிக்கும். பிறகு அவனை அணியில எடுக்கவே இல்லை. பாவம், டொக்டரிட்டப் போய்க் காதைச் சோதிச்சுப் பாத்தவன்."

"நீங்கள் சொன்னது பொய்யோ?"

"இல்லை, சுவாமி. 'வராதை' எண்டுதான் கத்தினனான். சத்தியமா."

சுவாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். முற்றத்தின் மறு கோடிக்குப் போய் நின்றுகொண்டார்.

"அண்டைக்குக் கத்தின மாதிரி ஒருக்காக் கத்துங்கோ."

நிமலேந்திரனுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கத்தினார்.

"வராதை!"

முதல் எழுத்து காதில் விழுந்ததுதான் தாமதம், சுவாமி பாய்ந்தோடி வந்தார். மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றார்.

"வராதை எண்டெல்லோ சொன்னனான், சுவாமி?"

"எனக்குத் தெரிஞ்சது ரெண்டு சொல்லுத்தானே."

நிமலேந்திரன் தலை குனிந்துகொண்டார். வெட்கத்தில் காது மடல் வரை சூடேறியது.

"அண்டு பின்னேரமே எனக்கு விளங்கிட்டுது, சுவாமி" என்றார் மெதுவாக. "பதட்டத்தில, 'நில்' எண்டு வரேல்லை. வீட்டில கதைக்கிற மாதிரி வாயில வந்திட்டுது. அவனிட்டச் சொல்லுவம், சொல்லுவம் எண்டு நினைச்சு, முப்பது வருஷம் போச்சு."

"செத்தவீட்டில என்ன நடந்தது?"

"அவன்ர மகள் எழும்பிக் கதைச்சவள். சாப்பிடக் கூப்பிட்டாலும் அப்பா உடன வரமாட்டார், 'கூப்பிட்டனீங்களோ?' எண்டு ரெண்டு தரம் கேட்டு நிச்சயப்படுத்திப்போட்டுத்தான் எழும்புவார் எண்டு சொன்னவள். சொல்லிப்போட்டுக் காதில கையை வைச்சுக் காட்டினவள். எல்லாரும் சிரிச்சவை."

நிமலேந்திரன் முழங்காலைத் தடவினார்.

"நானும் சிரிச்சனான், சுவாமி."

சுவாமி மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார்.

"எனக்கு ஒரு மந்திரம் தாங்கோ" என்றார் நிமலேந்திரன் மறுபடியும்.

"அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியுமோ?"

"ஒரு சொல்லும் தெரியாது."

"அப்ப, போய் 'வராதை'யையும் சேத்து மூண்டு சொல்லுச் சொல்லிக் குடுத்திட்டு வாங்கோ."