ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் காசிப் பயணம்

சுரைக்காப்பட்டியில் மூளைக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. யாரும் எடுத்துச் செலவு செய்யாததால், பிறந்தபோது இருந்தது அப்படியே இருந்தது. அந்த ஊரிலேயே ரொம்பச் சிக்கனக்காரர்கள் மூன்று பேர்: வைரக்கண்ணு, அவன் கூட்டாளிகள் சடையன், ஏகாம்பரம்.

இந்த மூவரும் ஒரு வருஷம் முழுக்க சைக்கிள் மிதித்தார்கள். காரணம், வைரக்கண்ணுவின் பெண்டாட்டி செங்கமலம் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனதுதான்.

“எங்கப்பா சீரா குடுத்த சைக்கிளு. மூலையில நிறுத்திப் பொட்டு வச்சுக் கும்புட்டுக்கிட்டு இருக்கியே, ஒரு நாளாவது என்னைப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கியா? ஓட்டக் கத்துக்கிட்டு என்னைத் தேடி வா. அதுவரைக்கும் நான் மேலத்தோப்புலதான்” என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். மேலத்தோப்பு ஒன்றும் சீமையில் இல்லை. காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குப் போய்விடலாம்.

அவள் போன பிறகு வைரக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கிய சோறும் அவனே பொங்கியது என்பதால் வயிற்றில் தங்கவில்லை. கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடை துலுக்காணத்திடம் போய் நின்றான்.

துலுக்காணம் நல்ல மனுஷர். சைக்கிளைத் தெருமுனையில் கொண்டுவந்து, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். “முதல்ல மிதிச்சுப் பழகு. நான் சொல்ற வரைக்கும் ஸ்டாண்டை எடுக்கக் கூடாது. பார்வை நேரா இருக்கணும். எதிர்ல ஆள் வந்தா பெல் அடி. வாரம் தவறாம எண்ணெய் போடு. ஒரு வருஷம் ஆனதும் உக்காந்து யோசிச்சுப் பாரு, எவ்வளவு தூரம் வந்திருக்கோம், இனிமே எங்க போகணும்னு. அதுதான் சைக்கிள்காரனுக்கு அழகு” என்றார்.

மறுநாள் அவருக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தது. போய்விட்டார். ஸ்டாண்டை எடுக்கச் சொல்ல வேண்டிய வாயும் அவரோடு திருப்பூர் போய்விட்டது.

அதற்காக இவர்கள் சோர்ந்துவிடவில்லை. முறை வைத்துக்கொண்டு மிதித்தார்கள். பார்வை நேராக இருந்தது. எதிர்ச்சுவரில் எந்த விரிசல் எந்தப் பக்கம் வளைந்து எங்கே முடிகிறது என்று வைரக்கண்ணு தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான்.

எதிரில் ஆள் வந்தால் பெல் அடித்தார்கள். குச்சி ஐஸ் வந்துவிட்டது என்று பிள்ளைகள் ஓடி வந்தன. பிள்ளைகளும் ஆள்தானே என்று அவர்களுக்கும் அடித்தார்கள். பெல் ஓயாததால் பிள்ளைகளும் ஓயாமல் வந்தன. நாட்டாமை வீட்டு எழவுக்கு ஊரே திரண்டு வந்தபோது அடித்த அடியில் பெல்லின் மூடி கழன்று பாடை மேல் விழுந்தது.

சனிக்கிழமைதோறும் சைக்கிளுக்கு நல்லெண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். சளி பிடிக்கக் கூடாதென்று சாம்பிராணியும் போட்டார்கள்.

இப்படியே வருஷம் திரும்பியது. துலுக்காணம் சொன்னபடி உட்கார்ந்து யோசிக்க மூவரும் கூடினார்கள். உட்கார இருந்தது ஒரே ஒரு சீட்டு. வைரக்கண்ணு அதில் ஏறி உட்கார்ந்து யோசித்தான்.

“டேய் சடையா, நீயும் யோசிக்கிற மாதிரி இருக்கே” என்றான் ஏகாம்பரம்.

“சும்மாதாண்டா நிக்கிறேன்.”

“மூஞ்சியப் பாத்தா தெரியுது. நின்னுக்கிட்டு யோசிக்கச் சொல்லல அவரு. உன் முறை வர்ற வரைக்கும் பொறு.”

சடையன் வெட்கப்பட்டு யோசனையை நிறுத்திக்கொண்டான்.

வைரக்கண்ணு இறங்கினான். “எனக்கு ஒண்ணும் பிடிபடல. எவ்வளவு தூரம்தான் வந்திருக்கோம்?”

சடையன் சீட்டில் ஏறியதும் பளிச்சென்று பிடிபட்டது. “எங்க தாத்தா நடந்தே காசிக்குப் போனாரு. ஆடியில கிளம்பித் தையில போய்ச் சேந்தாரு. நடந்தவரே அரை வருஷத்துல போயிட்டாரு. நாம சைக்கிள்ல ஒரு வருஷமா வந்திருக்கோம்.”

“அப்படின்னா?”

“இதுதான் காசி.”

மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஏகாம்பரத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம். அவன் முறை வந்ததும் ஏறி உட்கார்ந்து கேட்டான். “காசின்னா, நம்மூரு டீக்கடை எப்படி இங்க இருக்கு?”

“கூடவே வந்திருக்கு” என்றான் சடையன்.

“மாட்டுத் தொழுவம்? தண்ணித் தொட்டி? உங்க சித்தப்பா?”

“எல்லாம் கூடவேதான் வந்திருக்கு. மிதிக்கிறப்ப கால் எப்படிக் கடுத்துச்சு, நெனச்சுப் பாரு. மொத்த ஊரையும் இல்ல இழுத்துக்கிட்டு வந்திருக்கோம்!”

ஏகாம்பரம் விடவில்லை. “அப்ப முன் சக்கரத்துல சிலந்தி கூடு கட்டியிருக்கே, அது எப்படி?”

“ஏன், சிலந்திக்குப் புண்ணியம் வேணாமா?”

இதற்கு மேல் என்ன கேட்க முடியும்? ஆனால் வைரக்கண்ணுவின் முகம் சுண்டிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“காசிக்கு வந்துட்டோம்னா, மேலத்தோப்பை மொத நாள் மத்தியானமே தாண்டியிருப்போமேடா! அவ வாசல்லதானே நின்னிருப்பா? ஒரு குரல் குடுத்திருக்கலாமே. அவ்வளவு வெறுத்துட்டாளா என்னை?”

“அவளை எதுக்குக் குறை சொல்றே?” என்றான் ஏகாம்பரம். “நீதான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாம விறைச்சுக்கிட்டுப் போனே.”

அது நியாயமாகப் பட்டது. வைரக்கண்ணு மூக்கைச் சிந்தினான். பிறகு, வரும் வருஷம் என்ன செய்வதென்று பேசினார்கள். இவ்வளவு தூரம் வந்தாச்சு, இமயமலையையும் ஏறிவிடுவோம் என்றான் சடையன். இந்த வருஷம் பூராவும் சுவரையே பார்த்து வந்தாயிற்று, மெதுவாகப் போய் நாலு ஊரைப் பார்ப்போம் என்றான் ஏகாம்பரம்.

“எனக்கு ஊரும் வேணாம், மலையும் வேணாம்” என்றான் வைரக்கண்ணு. “திரும்பிப் போகணும். மேலத்தோப்பு வந்ததும் நிறுத்தணும். அவ்வளவுதான் என் ஆசை.”

கூட்டாளிகளுக்கும் மனசு இளகிவிட்டது. திரும்பிப் போக வேண்டுமானால் சைக்கிளைத் திருப்பத்தானே வேண்டும்? மூவருமாக அலுங்காமல் தூக்கி, சுவருக்கு முதுகைக் காட்டி, மறுபடி ஸ்டாண்டு போட்டார்கள். அந்தப் பக்கம் தெரு சரிவாக இறங்கி நேரே குளத்தில் முடிகிறது.

வைரக்கண்ணு ஏறி நாலு மிதி மிதித்திருப்பான். சரிவில் இடுப்பில் மூட்டையோடு ஒரு பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். ஆள் வருகிறதே என்று மூடியில்லாத பெல்லை அடித்தான். அடித்த கை அப்படியே நின்றது. செங்கமலம்!

“யோவ்! ஒரு வருஷமா என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தே?” என்று மூச்சு வாங்கக் கத்தினாள்.

“உன்னைத் தேடித்தான் புள்ள வந்துக்கிட்டே இருந்தேன்” என்றான். “உங்க ஊரைத் தாண்டுறப்ப நீ ஏன் கூப்பிடல?”

“எப்ப தாண்டுனே?”

“மொத நாளே. இப்ப காசிக்கே வந்துட்டேன். நீ நிக்கிறது காசி.”

செங்கமலம் அவனைப் பார்த்தாள். ஸ்டாண்டைப் பார்த்தாள். சுற்றிலும் ஊரைப் பார்த்தாள். ஏகாம்பரம் உதை விழும் என்று நாலடி தள்ளி நின்றுகொண்டான்.

“அதானே பாத்தேன்” என்றாள் கடைசியில். “கால் இந்த வலி வலிக்குதேன்னு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீ வந்தப்ப நான் கொல்லைப்பக்கம் இருந்திருப்பேன். வேணும்னேவா கூப்பிடாம இருப்பேன்?” என்றாள்.

வைரக்கண்ணுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “ஏறு புள்ள” என்றான். அவள் மூட்டையோடு கேரியரில் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் சைக்கிள் முன்னால் குதித்தது. ஸ்டாண்டு மடங்கிவிட்டது.

பிறகு நடந்ததை ஊர் இன்றைக்கும் பேசுகிறது. சைக்கிள் சரிவில் பறந்தது. வைரக்கண்ணு பார்வையை நேராக வைத்துக்கொண்டான். பிரேக்கைப் பற்றித் துலுக்காணம் ஒன்றும் சொல்லாததால் அதைத் தொடவில்லை.

“ஐயோ, ஊரு கூட வரலியே! ஊரை விட்டுட்டுப் போறானே!” என்று கத்திக்கொண்டே சடையனும் ஏகாம்பரமும் பின்னால் ஓடினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது புருஷனும் பெண்டாட்டியும் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். வைரக்கண்ணுவின் தலையில் ஒரு தாமரை இலை.

“கங்கை!” என்றான் சடையன். இருவரும் வேட்டியோடு குதித்து மூன்று முழுக்குப் போட்டார்கள்.

கரையேறிய வைரக்கண்ணு சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். சட்டென்று விளங்கியது. “துலுக்காணம் அண்ணன் சும்மா சொல்லலடா. ஸ்டாண்டு போட்டிருந்தாத்தான் ஊரு கூட வருது. எடுத்தா நாம மட்டும் தனியாப் போயி தண்ணியில விழறோம்.”

செங்கமலம் மூட்டையைப் பிரித்துச் செம்பை எடுத்தாள். குளத்து நீரைக் கழுத்துவரை மொண்டுகொண்டாள். “எங்கம்மாவுக்கு ரொம்ப நாளா கங்கைத் தண்ணிக்கு ஆசை. போற வழிதானே, குடுத்துட்டுப் போயிடலாம்.”

வைரக்கண்ணு சைக்கிளைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனான். ஸ்டாண்டை அழுத்திப் போட்டு, ஆடுகிறதா என்று இரண்டு தரம் அசைத்தும் பார்த்தான். செங்கமலம் கேரியரில் ஏறி, செம்பை மடியில் வைத்து, ஒரு கையால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷத்துக்கும் சேர்த்து அவன் சந்தோஷமாக மிதித்தான்.

கொஞ்ச நேரம் போயிருக்கும். அவள் பின்னாலிருந்து முதுகைத் தட்டினாள்.

“கொஞ்சம் மெதுவாப் போய்யா. தண்ணி தளும்புது.”