சங்கிலிமுத்துவின் சாந்தம்

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்தியவர் பெரியநாயகி அம்மையார். அங்கே காவி வாங்க வேண்டுமென்றால் படிப்பு வேண்டாம், பாட்டு வேண்டாம். யாரோடு பகையோ அவர் வீட்டுக்குப் போய், அவர் கையால் ஒருவேளைச் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான்.

அது லேசான காரியமா?

சங்கிலிமுத்து அம்மையாரைவிட வயதில் மூத்தவர். மடத்துக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அவருக்கு வெள்ளை வேட்டிதான். காரணம் அவருடைய அண்ணன். அவர்கள் குடும்ப வழக்கப்படி தாய்க்குக் கொள்ளி வைப்பவன் இளைய மகன். தாய் இறந்த அன்று சங்கிலிமுத்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். அண்ணன் காத்திருக்கவில்லை. தானே வைத்துவிட்டான். இவர் சுடுகாட்டுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது புகைதான் மிச்சம். கொள்ளியைப் பறிகொடுத்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

"அவன் கையால சோறா? மண்ணைத் தின்னுட்டுப் போறேன்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு வருடம் மாறிப்போனார். பேச்சு குறைந்தது. பசி குறைந்தது. உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிடும். அண்ணன் பேரை எடுத்தாலும் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"ஓய், உமக்கு நிஷ்டை கூடிட்டு" என்றார் கூட இருந்த சீடர் நடேசன். "நானும் இத்தனை வருஷமா கண்ணை மூடுதேன். கொசுதான் கடிக்கு."

சங்கிலிமுத்துவும் அதை நம்பினார். ஒருநாள் அம்மையார் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, கோபம் செத்துப்போச்சு. ஊருக்குப் போய் அண்ணன் கையால சாப்பிட்டுட்டு வாரேன். எனக்குக் காவி கொடுக்கணும்."

அவர் பொய் சொல்லவில்லை. அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சித்திரை வெயில்ல கம்பளி எதுக்கு?"

"குளிருதும்மா."

"குரல் ஏன் கட்டியிருக்கு?"

"மௌனம் பழகினதால இருக்கும்."

"முதல்ல டவுன் ஆஸ்பத்திரிக்குப் போங்க. அண்ணன் வீட்டுக்கு அப்புறம் போகலாம்."

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்யாமல் படுத்துவிட்டது, குளிரும் மந்தமும் அதனால்தான் என்றார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடச் சொன்னார்.

சில மாதங்களில் கம்பளி போயிற்று. பசி வந்தது. குரல் திறந்தது. ஒருநாள் விடிந்ததும் நடேசன் குளித்துவிட்டு வந்து, கொடியில் கிடந்த சங்கிலிமுத்துவின் துண்டை எடுத்துத் தலை துவட்டினார்.

"யாரைக் கேட்டுவே எடுத்தீரு?"

மடமே திரும்பிப் பார்த்தது.

"என்னவே, நிஷ்டை இறங்கிட்டு போலிருக்கே" என்றார் நடேசன்.

சங்கிலிமுத்துவுக்குப் பழைய சுடுகாட்டுப் புகை நெஞ்சுக்குள் முட்டியது. அன்றைய மாத்திரையைப் போடாமல், அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அம்மையாரிடம் போனார்.

"இதை நிறுத்தப்போறேன்."

"ஏன்?"

"என் சாந்தத்தை இது தின்னுட்டு. ரெண்டு மாசம் போடாம இருந்தா மறுபடியும் அடங்கிருவேன். அப்பவே ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துருதேன்."

"அப்படிப் போனா, அங்க இலையில உட்காரப்போறது யாரு? நீங்களா, உங்க நோயா?"

சங்கிலிமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்தச் சாந்தம் நோய்னா, இந்தக் கோபம் மட்டும் நானா? இதுவும் மாத்திரை கொண்டுவந்ததுதானே? எல்லாம் ரத்தத்துல ஊறுதது. எங்க அப்பாவும் இப்படித்தான். உப்பு கூடினா தட்டு முற்றத்துல பறக்கும். சுரந்தா கோபம், சுரக்காட்டா சாந்தம். இதுல என் மேல என்னம்மா குத்தம்?"

"உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

சண்டைக்குத் தயாராக நின்றவர் தடுமாறிப்போனார். இவ்வளவு சீக்கிரம் ஜெயிப்போம் என்று அவர் நினைக்கவில்லை.

"உங்க அண்ணன் மேல?" என்றார் அம்மையார்.

"அவன் வேணும்னே செஞ்சான்!"

அம்மையார் எழுந்தார். சங்கிலிமுத்துவின் கையிலிருந்த அட்டையை வாங்கி ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தார். செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். சங்கிலிமுத்து விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தக் கோபத்தோடயே பஸ் ஏறுங்க. உங்களுக்குச் சோறு போட அண்ணன் குனிவாருல்ல, அப்ப அவரு கழுத்தையும் கொஞ்சம் பாருங்க. அதுக்குள்ளயும் ஒரு சுரப்பி இருக்கும்."