மேனேஜர் கொண்டுவந்த போன்

மில் மேனேஜர் சபாபதி வந்தால் பல்லடத்தில் எந்தக் கடையிலும் வரிசை கிடையாது. செல்போன் ரிப்பேர் பார்க்கும் சகாயமேரியின் மேஜையில், அணைத்து வைத்திருந்த ஒரு போனைப் போட்டார்.

"என் போன்தான், லாக் மறந்துபோச்சு. உள்ளே இருக்கிறதை எல்லாம் அழிச்சுத் திறந்து குடு. இல்லேன்னா நாளைக்கு உன் கடை இருக்காது."

போன் உறையில் ரோஜாப்பூவும் பெண்கள் ஒட்டும் பொட்டும் இருந்தன. சகாயமேரி அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"செஞ்சிடலாங்க சார். முதல்ல ஆன் பண்ணிச் சார்ஜ் ஏத்தணும். பத்து நிமிஷம் உக்காருங்க."

போனைப் பறிகொடுத்தவர்கள் விடாமல் அழைத்துப் பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். ஆன் செய்த நாலாவது நிமிடமே மணி அடித்தது. லாக் போட்ட போனிலும் அழைப்பை எடுக்கலாம். எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹலோ, யாருங்க? நான் மில்லுல வேலை பாக்குற வசந்தாமணி. இது என் போனுங்க. மிஷின்ல என் தங்கச்சி கை சிக்குனதை வீடியோ எடுத்தேன்னு மேனேஜர் பிடுங்கிட்டுப் போய்ட்டாருங்க!"

கடையில் காத்திருந்த எல்லோரும் சபாபதியைப் பார்த்தார்கள். அவர் கை நீட்டுவதற்குள் சகாயமேரி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் அழிக்க வேண்டாங்க சார்," என்றாள். "லாக் போட்டவங்களையே வரச் சொல்றேன். இருந்து பேசிட்டுப் போறீங்களா?"

சபாபதி வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.