ஏழாவது வீட்டில் சொன்ன சொல்

ஆலங்கரையில் தாண்டவராயரைத் தெரியாதவர் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியர். ஒற்றுப்பிழைக்காக ஊரில் பாதிப் பேருடைய காதைத் திருகியவர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தால்கூட, வாங்கிப் படித்து, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டுத்தான் "ரொம்ப சந்தோஷம்" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஓய்வு பெற்ற மறு வருஷம் ஒருவரிடம் போய்ச் சீடராகச் சேர்ந்தார் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

அதுவும் யாரிடம்? குழந்தையம்மாளிடம். சப்ளாக்கட்டையைத் தட்டிக்கொண்டு திருவிழாக்களில் கதை சொல்கிறவர். வயசு அப்போது நாற்பதைத் தாண்டவில்லை. அவருடைய அண்ணனைத் தாண்டவராயர் ஏழாம் வகுப்பில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். குழந்தையம்மாள் வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். பூக்கடைக்காரம்மாவிலிருந்து தர்மகர்த்தா வரைக்கும் அவரிடம் ஒரு கேலியாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் நகர முடியாது. 'அவருக்கென்ன, கவலை என்றால் என்ன விலை என்று கேட்கிற பிறவி' என்று ஊர் சொல்லும். தாண்டவராயரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சேர வந்த அன்றைக்கே குழந்தையம்மாள் ஓர் ஒப்பந்தம் போட்டார். என் அண்ணனை அடித்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட நா எழாது, அதனால் 'வாத்தியாரய்யா' என்றே கூப்பிடுவேன், நீங்கள் என்னை 'அம்மா' என்று கூப்பிட்டால் போதும் என்றார். ஆக, சீடருக்குப் பெயர் வாத்தியார், குருவுக்குப் பெயர் அம்மா. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம், குழப்பம் வேண்டாம்.

வாத்தியாருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். முப்பத்திரண்டு வருஷமும் அவர் எதிரே உட்கார்ந்தவர்கள் மணி அடித்தால் எழுந்து ஓடியவர்கள். எழுந்து போக வழி இருந்தும் போகாமல், நாலு பேர் தன் வாயைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். பங்குனி உத்திரத்தன்று சாயங்காலம், கோயில் தேர் நிற்கிற தேர்முட்டியில், பூவாண்டி கதையைத் தான் சொல்ல வேண்டும். அதற்கு அம்மா 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாலு வருஷமாக அந்த வார்த்தை வந்தபாடில்லை.

பூவாண்டி கதை அம்மாவின் தகப்பனார் ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனது. பூவாண்டி வளையல்காரன். கயிற்றில் கோத்த வளையல் கொத்தை, மலாரம் என்பார்களே, அதைத் தோளில் போட்டுக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஓர் ஊருக்கு வருவான். ஒரே தெரு, ஏழு வீடு. முதல் வீட்டு மாமியாரிடம், "இந்தக் கைக்கு வளையலே வேண்டாம் ஆத்தா, அது அம்மி அரைக்கிற சத்தமே போதும்" என்பான். இரண்டாவது வீட்டுப் பெண்ணுக்கு வலிக்காமல் வளையல் ஏற்ற ஒரு பாட்டுப் பாடுவான். வீட்டுக்கு வீடு சிரிப்பு. புறப்படும்போது வாசலில் நின்று "வரேன் தாயி" என்பான்.

ஏழாவது வீட்டில் புருஷனை இழந்த ஒருத்தி, சிவகாமி என்று பேர். அந்த நாளில் அவள் வளையல் போடக்கூடாது. பூவாண்டி அங்கேயும் போவான். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பான். அந்தக் கடைசி வருஷம் தண்ணீரைக் குடித்துவிட்டு மலாரத்தை இறக்கி அவள் வாசலில் வைத்தான். "போறேன் தாயி" என்றான். மறு வருஷம் அதே தெருவில் மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தது சிவகாமி. அவ்வளவுதான் கதை.

வாத்தியார் அந்த நோட்டைப் படியெடுத்தபோது என்ன செய்தார் தெரியுமா? சிவப்புப் பேனாவை எடுத்து, தன் படியில் 'போறேன்' என்பதை அடித்து 'வரேன்' என்று திருத்தினார். ஆறு வீட்டில் 'வரேன்' என்றவன் ஏழாவது வீட்டில் மட்டும் ஏன் அபசகுனமாகப் பேசப் போகிறான்? எழுதியவர் கை தவறியிருக்கும் என்று அவருக்குப் பட்டது. திருத்திய நோட்டை வைத்துக்கொண்டு நாலு வருஷம் பாடம் பண்ணினார்.

இந்த வருஷம் தை மாதம் அம்மா எதிரே உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னார். தேர்முட்டியில் பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாத்தியாருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அம்மா வெந்நீரை ஒரு வாய் குடித்துக்கொண்டு கேட்டார்.

"பூவாண்டி எப்படிப்பட்டவன், வாத்தியாரய்யா?"

"சிரிப்புக்காரன்மா. வெகுளி. மேலே என்னவோ அதுதான் உள்ளேயும்."

"சரி, வளையல் வாங்காத வீட்டுக்கு எதுக்கு வருஷா வருஷம் போறான்?"

வாத்தியார் இதை யோசித்ததே இல்லை. வெயிலுக்குத் தண்ணீர் குடிக்க என்றார். ஆறு வீட்டிலும் தண்ணீர் இல்லையா என்று அம்மா கேட்டார். வாத்தியார் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இன்னும் வேளை வரவில்லை என்று சொல்லி அம்மா எழுந்துவிட்டார்.

அன்று முதல் வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. பூவாண்டியின் சிரிப்புக்குக் கீழே ஏதோ இருக்கிறது, அதைத் தோண்டி எடுத்தே தீருவது என்று கிளம்பிவிட்டார். இலக்கணம் படித்த மூளை, சும்மா இருக்குமா? பூவாண்டிக்குச் சின்ன வயசில் ஒரு தங்கச்சி இருந்ததாக வைத்தார். அவள் வளையலுக்கு ஆசைப்பட்டுப் போடாமலே காய்ச்சலில் செத்துப்போனதாக வைத்தார். சிவகாமி முகத்தில் அவன் தங்கச்சியைப் பார்ப்பதாக முடித்தார். இருபது பக்கம் வந்தது.

மாசி மாதம் அதைச் சொல்லிக் காட்டினார். தங்கச்சி சாகிற இடத்தில் அவரே அழுதுவிட்டார். பூ கட்டுகிறவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். சொல்லி முடித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தத் தடவை சரி வந்துவிடும் என்று அம்மா முகத்தையே பார்த்தார்.

"கதையில பூவாண்டி எங்கேயாவது அழுதானா?" என்றார் அம்மா. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. பனியில் நடந்ததுதான் என்று தன்னையே கேலி செய்துகொண்டார்.

"இல்லைம்மா."

"நீங்கதான் அழுதீங்க. அவன் அழாம இருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கான். அதைப் போய்க் கெடுத்துட்டீங்களே."

வாத்தியாருக்குச் சுருக்கென்று தைத்தது. அறுபத்து மூன்று வயசில் இப்படித் தலை குனிந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமும் வந்தது. இருக்கிற கதையில் ஒன்றுமே எழுதவில்லை, பிறகு எங்கே போய்த் தேடுவது என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த நோட்டைக் கொண்டாங்க என்றார்.

வாத்தியார் தன் படியைக் கொடுத்தார். அம்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டி, சிவப்பு மையில் அடித்திருந்த இடத்தில் விரலை வைத்தார். அடித்த சொல்லை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். வாத்தியார் நெளிந்தார்.

"சும்மா சொல்லுங்க. என்னைப் பார்த்துச் சொல்லிட்டு எழுந்து நடங்க."

வாத்தியார் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "போ..." என்றார். நாக்கு அங்கேயே நின்றது. "போ... போயிட்டு வரேம்மா" என்று முடித்தார்.

அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. வெந்நீரைக் குடித்துவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் அதே கதை. மூன்றாம் தடவையும் அதே. பூக்கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் வாத்தியார் கண்ணாடி முன் நின்று பழகினார். "போறேன்" என்று ஒரு தடவை சத்தமாக வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து அவர் மனைவி தர்மாம்பாள் கரண்டியும் கையுமாக ஓடிவந்து, நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு, போய் முகத்தைக் கழுவுங்கள் என்று ஒரு பிடி பிடித்தார். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு மனசு எதிலும் ஒட்டவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தேர்முட்டிக்கு வந்து சொன்னார்.

"வராதும்மா. நல்ல குடும்பத்துல பிறந்தவன் வாயில அந்த வார்த்தை வராது. ஒண்ணு, சண்டை போட்டுக்கிட்டுக் கிளம்பணும். இல்லைன்னா..."

நிறுத்திவிட்டார்.

"இல்லைன்னா?"

"இல்லைன்னா, திரும்பி வரப்போறதில்லைன்னு தெரிஞ்சிருக்கணும்."

வாத்தியார் நோட்டைத் திறந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவாண்டிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அன்றைக்கும் மாமியாரைக் கேலி செய்திருக்கிறான், பெண்ணுக்குப் பாட்டுப் பாடியிருக்கிறான். நாலு வருஷமாக அந்த ஒரு சொல்லைத் தன் கையாலேயே அடித்து வைத்துக்கொண்டு, அவன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஊரெல்லாம் தேடியிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"ஆறு வீட்டுல பொய் சொன்னானேம்மா."

"ஆறு வீட்டுலயும் வளையல் போட்டுக்கிட்டுச் சந்தோஷமா நின்னாங்க. எதுக்குக் கெடுக்கணும்?"

"ஏழாவது வீட்டுல மட்டும் ஏன் நிஜத்தைச் சொன்னான்?"

"அதை நான் சொன்னா உங்களுக்கு ஒட்டாது" என்றார் அம்மா. வெள்ளிக்கிழமை வாங்க, பார்த்துக்கலாம் என்று எழுந்துகொண்டார். அன்றைக்குக் குரல் ரொம்பவே கம்மியிருந்தது. கற்கண்டும் மிளகும் வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வாத்தியார் வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் பூவாண்டி நினைப்புத்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நோட்டில் சிவப்பு மையை அடித்துப் பழைய சொல்லையே எழுதி எடுத்துக்கொண்டு தேர்முட்டிக்கு வந்தார். உத்திரத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. அம்மா இல்லை. பஸ் நிறுத்தத்துக்குப் போயிருக்கிறார் என்று பூக்கட்டும் பெண் ஒருத்தி சொன்னாள்.

நிறுத்தத்தில் ஒரு சின்னக் கூட்டம். நடுவில் அம்மா, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு. பக்கத்தில் அவருடைய அண்ணன் மகள் தேன்மொழி, பையை அணைத்துக்கொண்டு நின்றாள். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். என்ன உடம்புக்கு என்று கேட்டவர்களிடம் அம்மா, தொண்டையில் ஒரு மீன் முள் நாலு மாசமாகக் குடித்தனம் பண்ணுகிறது, கிளப்பிவிட்டு வரப்போகிறேன் என்று கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார்.

அம்மா டீக்கடைக்காரரிடம், நான் வருகிறவரைக்கும் அந்தப் பாலில் தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லி, "வரேன்" என்றார். பூக்கடைக்காரம்மாவின் கையைப் பிடித்து, மூக்குத்தியைப் பற்றி ஏதோ கிண்டல் பண்ணி, "போயிட்டு வரேன்" என்றார். தர்மகர்த்தாவிடம், உத்திரத்துக்குக் கதை உண்டு, பந்தலைச் சரியாகப் போடுங்கள் என்று மிரட்டிவிட்டு, "வரேன்" என்றார்.

வாத்தியார் தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் தேன்மொழியின் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார். புதுச் சிலேட்டு. பக்கத்தில் ஒரு பெட்டிப் பலப்பம். முப்பத்திரண்டு வருஷம் சிலேட்டோடு குடும்பம் நடத்தியவர் கண், தப்புமா?

"சிலேட்டு எதுக்கும்மா?"

"உங்க சகவாசம்தான். ஆஸ்பத்திரியில நாலு பேருக்கு ஒற்றுப்பிழை திருத்தலாம்னு."

இந்தத் தடவை தேன்மொழி சிரிக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

வாத்தியாருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நாலு மாச வெந்நீர். பனி என்று சொன்ன பொய். சிரித்துச் சிரித்து இருமலாக மாறிய அந்தக் காலை வேளை. எழுதிக் காட்டித்தான் இனிமேல் பேச வேண்டும் என்றால், தொண்டையில் இருப்பது முள்ளா? பூவாண்டியின் உள்ளே என்ன என்று கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் எதிரே உட்கார்ந்திருந்தவரை அவர் ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அழுகை வந்தது. அம்மா பாடுபட்டு அடக்கி வைத்திருப்பதைத் தான் கெடுத்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பஸ் வந்து நின்றது. தேன்மொழி பையோடு ஏறினாள். அம்மா படியில் ஒரு காலை வைத்தவர், திரும்பி இறங்கி வாத்தியாரிடம் வந்தார். இடுப்பில் செருகியிருந்த சப்ளாக்கட்டையை எடுத்தார். அவர் தகப்பனார் கையிலிருந்து வந்தது அது, யாரையும் தொடவிட்டதில்லை. வாத்தியாரின் இரண்டு கையையும் விரித்து அதை நடுவில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.

"எப்பம்மா வருவீங்க?" என்று வாத்தியார் கேட்டார். அவர் குரலும் கம்மிப்போயிருந்தது.

அம்மா அவரை நன்றாகப் பார்த்தார். முகத்தில் அதே சிரிப்புத்தான், குறையவில்லை. ரொம்ப மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"போறேன், வாத்தியாரய்யா."

வாத்தியார் திருத்தவில்லை.