சிற்பியின் மனைவி

"இனிமேல் நான் படிக்கப் போறதில்லை அம்மா" என்றாள் இசக்கியம்மாள்.

தவமணி அம்மை நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்து ஆசிரமம். அம்மைக்கு இசக்கியம்மாளைவிட வயது குறைவு. இருந்தாலும் குரு அவர்தான்.

"ஏன் அக்கா?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல அடுத்தவங்க பேச்சை இணைச்சுக் கொடுத்தே பாதி ஆயுசு போச்சு. மிச்சம், அடுத்தவங்க எழுத்தைப் படிச்சே போகுது. படைப்பைப் பத்தி, நான் யாருங்கிறதைப் பத்தி எத்தனை புத்தகம்! ஓவியனைப் பத்திப் படிச்சா நான் ஓவியன். பாடகியைப் பத்திப் படிச்சா பாடகி. மூடி வச்சா யாருமில்லை. சொந்தமா ஒரு வரி உண்டா என்கிட்ட?"

அம்மை ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"கடைசியாப் படிச்சது எது?"

"ஒரு சிற்பியைப் பத்தின நாவல்."

"அதைச் சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்திக்கலாம்."

அன்று காலை ஊரிலிருந்து வந்த ஒருவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வெள்ளை ஜிப்பா. இசக்கியம்மாளுக்கு அவரைத் தெரியாது. அவள் அவரைக் கவனிக்கவும் இல்லை.

சொல்ல ஆரம்பித்தாள்.

"அந்தச் சிற்பிக்குத் தன் முகத்தைக் கல்லுல செதுக்கணும்னு ஆசை. செதுக்கச் செதுக்க வேற யார் முகமோ வருது. ஒவ்வொண்ணையும் கொல்லையில தூக்கிப் போட்டுடுறான்."

"ம்."

"அவன் பொண்டாட்டி அதையெல்லாம் எடுத்து வைப்பா. ஒண்ணு, அவன் காய்ச்சல்ல கிடந்தப்ப இருந்த முகம். ஒண்ணு, பொண்ணு பார்க்க வந்தப்ப இருந்த முகம். எல்லாம் அவன்தான். அவனுக்குத்தான் அடையாளம் தெரியலை. அவளா சொல்லமாட்டா. கேக்கட்டும்னு இருப்பா. அவன் கேக்கவே மாட்டான்."

நிறுத்தினாள்.

"எந்தப் புத்தகம் இது?" என்று கேட்டார் ஜிப்பாக்காரர்.

இசக்கியம்மாள் பெயரைச் சொன்னாள்.

அவர் சுவரில் சாய்ந்திருந்த முதுகை எடுத்தார்.

"அதை எழுதினவன் நான்தாங்க."

இசக்கியம்மாள் பதறி எழுந்துவிட்டாள். "ஐயா!"

"உட்காருங்க. அந்த மனைவியைப் பத்தி நான் எழுதினது ஒரே ஒரு வரி. 'மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.' அவ்வளவுதான். சிற்பி தோத்துப்போறான். கதை முடிஞ்சுடுது. எல்லாரும் அப்படித்தான் படிச்சாங்க."

அவள் முகம் சிவந்தது. மெல்ல உட்கார்ந்து அம்மையின் பக்கம் திரும்பினாள்.

"தப்பாப் படிச்சிட்டேனா அம்மா?"

"என்னை ஏன் கேக்கறீங்க?" என்றார் அம்மை. கடலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கூடத்தில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

எழுத்தாளர் சுவரோரத்திலிருந்து நகர்ந்து அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கேட்கத் தயங்குகிறவர்போல் தரையைப் பார்த்தார்.

"அவளுக்கு நான் பேர்கூட வைக்கலை. அவ பேர் என்ன?"

இசக்கியம்மாள் யோசிக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"வடிவு. வள்ளியூர்க்காரி. கோபம் வந்தா பேசமாட்டா. கோலத்தை மட்டும் பெரிசாப் போடுவா."